பதினாறு தவளைகள்

கட்டபெட்டில் எங்கள் தெருவில் எந்தக் கூரையிலும்
விசிறிக்குக் கொக்கி கிடையாது.
வேண்டுமா என்று மேஸ்திரி கேட்டதுமில்லை.
சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கும் ஊரில்
எங்கள் வீட்டின் ஒரே விசிறி
மேசைக்கடியில், தகரப்பெட்டிக்குள்,
புழுங்குகிறது புழுங்குகிறது என்று
இரவெல்லாம் இரைந்துகொண்டிருந்தது.

எனக்குத் தவளை எண்ணுகிற வேலை.
சோலைக்குள் யாரோ கட்டிவிட்டு வந்த கருவி
ஓர் இரவு முழுக்கக் கேட்டதை
நான் இன்னோர் இரவில் திரும்பக் கேட்பேன்.
பகலில் முடியாது, மினிபஸ் ஹாரன்.
கட்டைவிரல் நகமளவு புதர்த்தவளை
காசைக் காசில் தட்டினாற்போல
ஒரு ‘டிக்.’
அதன்மேல்தான் போய் உட்கார்ந்துகொள்ளும் விசிறி.

போன மாதம் ஒரு பதிவில் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
பெட்டியை அணைத்துவிட்டு
போனில் போட்டுக் கேட்டால் ஐம்பத்தேழு.
பதினாறு தவளைகளை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் சுற்றியிருக்கிறது.

நூற்றிருபது மில்லிமீட்டரா நூற்றிநாற்பதா என்று
தையல் டேப்போடு மேசைக்கடியில் தவழ்ந்தேன்.
அமைதி என்று அட்டையில் அச்சிடாத கம்பெனியே இல்லை.
டெசிபல் போடுகிறார்கள்,
எத்தனை அடி தள்ளி நின்று அளந்தார்கள் என்று போடுவதில்லை.
குன்னூரில் நின்று அளந்தால்
என் பழைய விசிறியும் அமைதிதான்.

போஜனைக் கேட்டேன்.
டீ ஃபேக்டரியில் வாட்டும் தொட்டிகள் அவன் பொறுப்பு.
நெஞ்சுயர விசிறிகள் பன்னிரண்டு,
பச்சை இலைக்கு அடியிலிருந்து விடிய விடியக் காற்றூதும்.
வர்க்கியை டீயில் நனைத்தபடி சொன்னான்:
“பெருசா வாங்கு, மெதுவா சுத்த விடு. சின்னதுதான் கத்தும்.
பேரிங்கைப் பாரு.
இரும்புல இரும்பை வச்சு முடுக்காத, நடுவுல ரப்பர் வை.”
மூன்று இரவு நான் குறிப்பெடுத்ததெல்லாம்
ஒரு வர்க்கி ஊறும் நேரத்தில் முடிந்துபோனது.
சொன்னவனுக்கு இடது காது பாதிதான்.

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு, நூற்றிநாற்பதில்.
அந்த விலைக்குக் கூரைவிசிறியே வாங்கியிருக்கலாம்,
மாட்டத்தான் கொக்கியில்லை.
குஞ்சப்பனையில் மண் சரிந்து
பார்சல் நாலு நாள் மேட்டுப்பாளையத்தில் கிடந்தது.
ரப்பர் ஆணியில் ஒன்று இழுத்த இழுப்பில் அறுந்தது.
மீதி ஏழில் நிற்கின்றன.

முதல் இரவு, நிமிடத்துக்கு அறுநூறு சுற்று.
ஓடுகிறதா என்றே தெரியவில்லை.
மளிகைச் சீட்டைக் காட்டினேன்,
பெட்டியின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.
சரி, ஓடுகிறது.
பிறகு ஹார்ட் டிஸ்க் எதையோ மெல்லுவது கேட்டது.
அதை மறந்தால் ஃபிரிட்ஜ்.
அதையும் தாண்டினால் சுவர்க்கடிகாரம்.
ஒரு சத்தத்தைக் காலி செய்ய வைத்தால்
வாசலிலேயே நிற்கிறது அடுத்த குடித்தனம்.
ஆனாலும் தவளைகள் வந்தன,
தூரத்தில் இருந்தவையும்.

நாலு மணிக்கு போஜன் துள்ளி எழுந்தான்.
“ஃபேன் நின்னுடுச்சா?”
வெறுங்காலோடு கதவுவரை போய்விட்டான்.
தொட்டியில் காற்று நின்றால் இலை சூடேறும்,
சிவக்கும்,
அன்றைய கொழுந்து அத்தனையும் போச்சு.
பதினோரு வருடமாக
சத்தம் நிற்பதுதான் அவனுக்கு அபாயமணி.
ஒட்டிக்கொண்டிருந்த மளிகைச் சீட்டைக் காட்டினேன்.
குனிந்து நெடுநேரம் பார்த்தான்.
மறுநாளும் எழுந்தான். அதற்கு மறுநாளும்.

இப்போது அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்ததும்
நானே தொள்ளாயிரத்துக்கு ஏற்றிவைக்கிறேன்.
அந்த நேரத்தில்
உரக்கக் கூப்பிடுகிற தவளைகளை மட்டும் குறிக்கிறேன்.
மற்றவை அவன் எழுந்து போன பிறகு.
வேலை ஒரு மணி நேரம் நீள்கிறது,
அதற்குக் கூலி இல்லை.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
ஒருக்களித்துப் படுத்திருக்கிறான்.
கேட்கிற காதை மேலே வைத்து.